நாலு மணி

"கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்?"

ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் அந்த இளம் டாக்டர் முதலில் கேட்டது இதைத்தான். நேற்று ராத்திரி 9 மணிக்கு என்றேன். சாப்பிட்டார், தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்தார், தாழ்ப்பாளை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டுப் படுத்தார். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். மூளைக்குப் போகிற குழாயில் அடைத்துக்கொண்ட ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான் கெடு. எப்போது அடைத்தது என்று தெரியாவிட்டால், ஆள் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து எண்ணுவார்களாம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது காலை 8 மணி.

அப்பா 4 மணிக்கே விழித்திருப்பார். அதில் எங்களில் யாருக்கும் சந்தேகமில்லை. தோட்டத்தை விட்டு 34 வருஷம் ஆகியும் அவர் 4 மணியைத் தாண்டித் தூங்கியவரில்லை. வலது கையும் காலும் அசையவில்லை, சொல் வரவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாவை இடது கையால் எட்டித் தட்டியிருக்கலாம். தட்டவில்லை. பிள்ளைகள் தூக்கம் கலையாமல் இருட்டிலேயே உடுத்திக்கொண்டு வெளியேறப் பழகிய மனிதர். அம்மா 7 மணிக்குத்தான் பார்த்தார்.

இது 2023-ல். அப்பாவுக்கு 72 வயது. மலாய்க்காரர்கள் இந்த நோயை 'ஆங்கின் அஹ்மார்' என்பார்கள், செங்காற்று. எங்கள் சனம் 'கைகால் விழுந்துருச்சு' என்று சொல்லும். வார்டில் அவர் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அந்த ஒன்பது நாளும் டாக்டரின் கேள்விதான் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியாக எப்போது நன்றாக இருந்தார்? ராத்திரி 9 மணி என்பது ஆஸ்பத்திரிக் கணக்கு. என் கணக்கில் வந்தது 1989.

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டம். சரித்திரப் புத்தகத்தில் சுங்கை சிப்புட்டுக்கு ஒரு வரி உண்டு: 1948 ஜூன் 16 அன்று மூன்று வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் சுடப்பட்டார்கள், மலாயாவில் அவசரகாலம் பிறந்தது. எங்களுக்கு அது பொங்கல் துணி எடுக்கிற டவுன், அவ்வளவுதான். தோட்டத்தில் எங்கள் லயம் பன்னிரண்டு வீடு. காலை 4 மணிக்கு ஸ்டோர் பக்கம் தொங்கிய தண்டவாளத் துண்டை அடிப்பார்கள். அம்மா விறகடுப்பில் கோப்பி ஓ கலக்குவார். அப்பா நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு, இடுப்பில் கொசுவத்தி தொங்க, காண்டாக் கம்பையும் வாளிகளையும் எடுத்துக்கொண்டு பெயர் கூப்பிடும் பெரட்டுக்குப் போவார். பின்னாலேயே அம்மா. நான் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்பேன். கதவு சாத்தும் சத்தம் வந்ததும் மறுபடி தூக்கம். அந்த இரண்டாம் தூக்கம் மாதிரி ஒன்று பிறகு எனக்கு வாய்க்கவே இல்லை.

இருட்டில் போவதற்குக் காரணம் உண்டு. வெயில் ஏறுவதற்கு முன் மரம் பால் கட்டி விம்மி நிற்கும். அப்போது கீறினால் நெடுநேரம் வடியும். சூடு ஏறினால் சீக்கிரம் உறைந்துவிடும். பட்டையில் பழைய வெட்டை ஒட்டி மெல்லிய சீவல் ஒன்று எடுக்க வேண்டும். கூடினால் கத்தி மரத்தின் உயிரில் படும், குறைந்தால் பால் வராது. இடது மேலிருந்து வலது கீழாகச் சாய்வாக இழுப்பார்கள். இழுக்கும்போது ஆள் ஓரிடத்தில் நிற்க முடியாது. மரத்தை அணைத்தாற்போல் வலப்பக்கமாக ஒரு சாய்நடை, இரண்டு எட்டு, மூன்று எட்டு. பள்ளி விடுமுறையில் பால் பிடிக்கும் மங்கு துடைத்துக் கவிழ்க்கப் போவேன். அப்பா அந்தச் சாய்நடையில் மரம் மரமாகப் போவதைப் பார்த்தால் ஏதோ கூத்துக்கு அடவு கட்டுகிற ஆள் மாதிரி இருக்கும். ஒரு நாளைக்குக் கிட்டத்தட்ட 500 மரம். டாக்டரிடம் நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் அந்த ஆள்.

1989-ல் தோட்டம் செம்பனைக்கு மாறியது. மரங்களைச் சாய்த்தார்கள். வேலையோடு வீடும் போனது, வீடு தோட்டத்துடையதுதானே. எங்கள் ஊர்ப் பக்கத்து மனிதரான வீ. தி. சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இதற்காகத்தான். துண்டு துண்டாக விற்கப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளிகளே பங்கு போட்டு வாங்கட்டும் என்று. தாத்தாவும் பங்கு கட்டினார். ஆனால் சங்கம் வாங்கிய தோட்டங்களில் எங்களுடையது இல்லை. ஒரு லோரியில் கட்டில், சாமிப்படம், தையல் மிஷினோடு ஈப்போ புந்தோங்குக்கு வந்தோம். கச்சான் பூத்தே கடலை வறுக்கிற வாசனையில் அன்றிரவு தூங்கினோம். அப்பா ஒரு தொழிற்சாலையில் காவலாளியானார். பால் வெட்டும் கத்தியை மட்டும் எண்ணெய் தடவித் துணியில் சுற்றி வைத்திருந்தார். எதற்கு என்று நாங்கள் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது தாதி ஒருவர் அம்மாவை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார்: இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லையென்றால் முதுகில் புண் வரும்; விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்கக் கூடாது, தோள் மூட்டு நழுவிவிடும்; தண்ணீரைக் கொஞ்சம் கெட்டியாக்கிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் புரையேறி நெஞ்சுக்குள் போகும். அம்மா எதையும் எழுதிக்கொள்ளவில்லை. ஒன்றையும் மறக்கவுமில்லை.

முறை வைத்துக்கொண்டோம். இரவு 10-ம் 12-ம் அம்மா. 2-ம் 4-ம் நான். பகலில் அக்கா பள்ளிப் பிள்ளைகளை விட்டுவிட்டு மோட்டாரில் வருவாள். தம்பி சிங்கப்பூரில் வேலை. மாதம் ஒரு தரம் பஸ் ஏறி வருவான், மற்ற நாளில் பணமும் வாட்ஸ்அப்பில் அறிவுரையும் அனுப்புவான். (அறிவுரை கொஞ்சம் அதிகம்தான்.) இப்படித்தான் 4 மணி என்னிடம் திரும்பி வந்தது. 34 வருஷம் கழித்து அதே இருட்டு, அதே கொசுவத்தி. ஆனால் இப்போது எழுவது நான், படுத்திருப்பது அப்பா. இடுப்புக்குக் கீழே கை கொடுத்துப் புரட்டும்போது அவர் கண் திறந்தே இருக்கும். பேசவில்லை என்றாலும், மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஒரு பார்வை. அதைப் பார்க்காமல் இருக்க நான் போர்வையைச் சரிசெய்துகொண்டே இருப்பேன்.

அந்த நேரத்தில்தான் லயம் நினைவுக்கு வரும். பன்னிரண்டு வீட்டில் எந்த வீட்டில் இருமினாலும் பதினொரு வீட்டுக்குக் கேட்கும். யாருக்காவது முடியவில்லை என்றால் ஒருவர் கஞ்சி, ஒருவர் வெந்நீர், ஒருவர் பிள்ளைகளைத் தன் பாயில் படுக்க வைத்துக்கொள்வார். இந்தத் தாமான் குடியிருப்பில் இடது பக்கத்து வீட்டுக்காரர் நல்லவர்தான், ஆனால் அப்பா விழுந்து மூன்று மாதம் கழித்து, "அங்கிளைக் காணோமே, ஊருக்குப் போயிருக்காரா?" என்றார். சாமம் முழுக்க ஆள் மாற்றி ஆள் விழித்திருக்க அந்தப் பன்னிரண்டு வீடு இருந்தால் எப்படி இருக்கும் என்று ஒருநாள் அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "அங்க இருந்திருந்தா டிரஸ்ஸர் ஒரு சீசா தண்ணி மருந்து கலக்கிக் குடுத்திருப்பான். லயமே கூடியிருக்கும், ஆமா. பதினாறாம் நாள் காரியத்துக்கு."

அதற்கு மேல் என்ன பேசுவது? தோட்டத்து ஆஸ்பத்திரி என்று ஒரு பலகை வீடு இருந்தது. டிரஸ்ஸர் கெட்டவர் இல்லை, கையில் இருந்ததைக் கொடுத்தார். அவர் கைவிட்டால் மாரியம்மன். பத்து காஜா பக்கம் கெல்லிஸ் கோட்டைக்கு அருகே உள்ள மாரியம்மன் கோயில் கூரையில் சாமி சிலைகளோடு சிலையாக ஒரு வெள்ளைக்காரர் கோட்டுப் போட்டு நிற்பார். 1918-ல் விஷக்காய்ச்சல் வந்து கிந்தா கெல்லாஸ் தோட்டத்து ஆட்கள் செத்து விழுந்தபோது, கோயில் கட்டிக் கொடுங்கள் என்று கேட்டார்களாம். துரை கெல்லி ஸ்மித் கட்டிக் கொடுத்தார், நன்றிக்கு அவரையும் மேலே ஏற்றிவிட்டார்கள். நோய்க்கு எங்கள் பாட்டன்மார் கேட்டது கோயில். எங்களுக்கு 5 வெள்ளி கட்டினால் அரசாங்க ஆஸ்பத்திரியில் நிபுணர் பார்க்கிறார். அம்மா சொல்வது சரிதான். சரி என்று தெரிந்தும் 4 மணிக்கு லயத்தின் நினைப்பு வரத்தான் செய்தது.

சொந்தங்கள் மூலைக்கொரு மருந்து சொன்னார்கள். புறாக்கறி சூப். தெலுக் இந்தானில் உருவிவிடும் மலாய்க் கிழவர். புறா எங்கள் வீட்டுக்கு வந்தது. அம்மா அதைப் பின்வாசலில் பறக்கவிட்டுவிட்டு "குடுத்தேன், குடிச்சாரு" என்று அத்தையிடம் சொன்னார்.

உண்மையில் மாற்றம் தொடங்கியது எண்ணிக்கையில். பேச்சுப் பயிற்சி கொடுத்த மலாய்ப் பெண் எங்களிடம் தமிழ் எண்களைக் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார். பேச்சு போனவர்களுக்கும் வாய்ப்பழக்கமான எண்ணும் பாட்டும் சில சமயம் தங்கியிருக்குமாம். "ஒண்ணு, ரெண்டு" என்று அவர் தொடங்க, அப்பா "மூணு, நாலு" என்று பிடித்துக்கொண்டு நிற்காமல் ஓடினார். பத்தில் நிறுத்தச் சொன்னால் நிறுத்தவில்லை. நாற்பத்தேழுக்கு வந்து மூச்சு வாங்கினார். என் பெயரைச் சொல்லத் தெரியாத அதே வாய். நிரை நிரையாக மரங்களை எண்ணுகிறார் என்று நான் நினைத்தேன். அக்கா, "சும்மா இரு, எண்றாரு, அவ்ளோதான்" என்றாள்.

பிறகு நாசாமின் ஈப்போ மையத்துக்குப் போகத் தொடங்கினோம். தானே பக்கவாதத்தில் விழுந்து எழுந்த ஜேனட் யோ 1996-ல் தொடங்கிய தேசியப் பக்கவாதச் சங்கம் அது. அங்கே யாரும் அப்பாவைப் பரிதாபமாகப் பார்க்கவில்லை, எல்லோருக்கும் ஒரு பக்கம் விழுந்திருந்தது. ஒரு சீனப் பெரியவர், இளவயதில் ஈயம் தோண்டும் கப்பலில் வேலை செய்தவர், இடது கை போனவர். அப்பாவுக்கு வலது கை. துண்டு மடிக்கிற பயிற்சியில் இருவரையும் சேர்த்து உட்கார வைத்தார்கள். ஆளுக்கொரு கையால் ஒரு துண்டு. பெரியவர் மலாயில் ஏதோ கெட்ட வார்த்தை சொல்ல, அப்பா சிரித்தார். வாயின் ஒரு பாதி மட்டும் சிரித்தது.

மேரு ராயாவில் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ கட்டிய மறுவாழ்வு மையத்தில் ரோபோக் கருவி பூட்டி நடக்கப் பழக்குகிறார்கள் என்று தம்பி படம் அனுப்பினான். எங்கள் வீட்டு ரோபோ, மச்சான் தண்ணீர்க் குழாயை வெல்டிங் செய்து சுவரோரம் பொருத்திய ஒரு கம்பி. அதைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பது அப்பாவுக்கு மாதக் கணக்கில் வரவில்லை. கால் விரல் தரையில் தேய்ந்தது. ஒருநாள் பயிற்சியாளர் பக்கவாட்டில் நடக்கச் சொன்னார். வலப்பக்கமாக, விழுந்த காலை முதலில் வைத்து. பெரும்பாலோர் தடுமாறுவது இதில்தான் என்றார். அப்பா கம்பியில் இடது கையை வைத்தார். ஒரு எட்டு. முழங்கால் மடிந்தது, நான் பிடித்தேன். இன்னொரு எட்டு. உடம்பு லேசாகக் குனிந்து, தோள் சாய்ந்து, மூன்றாவது எட்டில் எனக்குத் தெரிந்த ஆள் ஒரு கணம் வந்துபோனார். கை தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அந்தக் கையில் கத்தி இனி நிற்காது. கை வரவில்லை, இன்றுவரை வரவில்லை. அந்தக் கணக்கை நான் பெருக்கிச் சொல்ல விரும்பவில்லை.

சின்ன வயதில் எங்களைக் கோலகங்சாருக்குக் கூட்டிப்போய் ஒரு கிழட்டு ரப்பர் மரத்தைக் காட்டியிருக்கிறார். 1877-ல் ஹியூ லோ அங்கே நட்டவற்றில் மிஞ்சியது என்பார்கள். மற்றவர்கள் படம் எடுத்தார்கள். அப்பா பட்டையைக் கட்டை விரலால் தடவி, "இதுக்கு வெட்டெல்லாம் முடிஞ்சுபோச்சு. சும்மா நிக்குது" என்றார். நல்ல வார்த்தையாகத்தான் சொன்னார் என்று இப்போது படுகிறது.

இப்போது அவரைப் புரட்ட வேண்டியதில்லை. தானே புரள்கிறார், நாலு கால் கம்பை ஊன்றிக் கழிவறை வரை போகிறார். பத்து இருபது சொல் திரும்பியிருக்கின்றன. முக்கால்வாசி தோட்டத்துச் சொல். முறை வைத்து எழுவதை நிறுத்திவிட்டோம். ஆனால் எனக்கு 4 மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது.

தோட்டத்தில் மழை பெய்தால் வெட்டு கிடையாது. பட்டை நனைந்தால் பால் கோட்டில் நிற்காமல் மரமெல்லாம் வழிந்து வீணாகும். ஓட்டில் சடசடவென்று விழுந்தால் எனக்குக் கொண்டாட்டம், அப்பா வீட்டில் இருப்பார். அம்மாவுக்கு அது சம்பளம் குறைகிற கணக்கு.

போன மாதம் ஒரு விடியலில் அப்படி ஒரு மழை. எழுந்து அவர் அறைக்குப் போனேன். கட்டிலில் உட்கார்ந்து சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். போர்வையை எடுத்துப் போர்த்தப் போனேன். அவர் என்னைப் பார்த்தார், வாயைக் கூட்டினார், சொல் தேடி ரொம்ப நேரம் ஆனது.

"வெட்டு இல்ல," என்றார். பிறகு, "போ. படு."