நான் அனுப்பிய அந்த எஸ்.எம்.எஸ்.

 

நேத்து ராத்திரி நம்ம கோயில் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு செய்தி வந்துச்சு, பார்த்திருப்பீங்க. 2023 ஆகஸ்ட் 24-லேர்ந்து ஜப்பான் அணு உலைத் தண்ணியைக் கடலில் விடுது, இனிமே மீன் வாங்காதீங்க, உப்பை இப்பவே மூட்டையா வாங்கி வைங்க, பத்து பேருக்கு அனுப்புங்கன்னு. அரை மணி நேரத்துல ஏழெட்டு பேர் அதையே திரும்பவும் போட்டாங்க.

அனுப்பினவங்களைக் குறை சொல்ல நான் வரல. எனக்கு அந்தத் தகுதியும் கிடையாது. 2011-ல் இதே மாதிரி ஒண்ணை அனுப்பி, நம்ம கோயில் பாட்டி ஒருத்தரை ஆஸ்பத்திரியில் படுக்க வச்சவன் நான். பழைய ஆளுங்களுக்குத் தெரியும். புதுசா வந்தவங்களுக்காக எழுதுறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

2011 மார்ச் 11, வெள்ளிக்கிழமை. நம்ம நேரப்படி மத்தியானம் 1.46-க்கு ஜப்பானில் 9.0 அளவில் நிலநடுக்கம். சாயங்காலம் பிறையில் எங்க பேக்டரி கேண்டீன் டிவியில் சுனாமியைக் காட்டிக்கிட்டே இருந்தாங்க. 2004 டிசம்பர் 26 நமக்கு மறக்குமா? பினாங்கிலும் உயிர்கள் போச்சே. யாரும் சாப்பிடல.

எங்க கூட ஒரு ஜப்பான் இன்ஜினியர் வேலை செஞ்சார். அவருடைய அம்மா வீடு இவாக்கி நகரத்தில். புக்குஷிமா அணுமின் நிலையத்துக்குத் தெற்கே 40 கிலோமீட்டருக்கு மேல. அன்னைக்கு ராத்திரி பூரா அவருக்கு லைன் கிடைக்கல.

சனிக்கிழமை முதல் உலைக் கட்டடம் வெடிச்சது. திங்கட்கிழமை, 14-ம் தேதி, காலையில் நாங்க டீ குடிக்கிற நேரத்துல மூணாவது உலைக் கட்டடமும் வெடிச்சது. அது அணுகுண்டு வெடிப்பு இல்லைன்னு எனக்குப் பிறகுதான் புரிஞ்சது. எங்க லைன்ல சோல்டர் பண்ற ஓவன் இருக்கு. சுவிட்சை அணைச்சாலும் சூடு இறங்க நேரமாகும். அணு உலையும் அப்படித்தான், ஆனா நாள் கணக்கில், மாசக் கணக்கில் தண்ணி ஓடிக்கிட்டே இருக்கணும். சுனாமி ஜெனரேட்டர்களை மூழ்கடிச்சதால பம்பு நின்னு போச்சு. எரிபொருள் காய்ஞ்சு சூடாகி, ஹைட்ரஜன் வாயு உண்டாகி, கூரைக்குக் கீழே சேர்ந்து வெடிச்சது.

அன்னைக்குத்தான் அந்த எஸ்.எம்.எஸ். வந்தது. பிபிசி அவசரச் செய்தின்னு ஆரம்பிக்கும். கதிர்வீச்சு ஆசியா பூரா வருது, மழை பெய்தா வெளிய போகாதீங்க, கதவு ஜன்னலை மூடுங்க, கழுத்தில் தைராய்டு இருக்கிற இடத்துல பெட்டடைன் பூசுங்கன்னு இருந்துச்சு. பிபிசி அப்படி ஒண்ணும் சொல்லவே இல்லை, பிறகு மறுப்பும் கொடுத்தாங்க. பிலிப்பைன்ஸில் அதை நம்பி ஒரு பல்கலைக்கழகம் மாணவர்களை வீட்டுக்கே அனுப்பிருச்சு.

நான் என்ன செஞ்சேன்? முழுசாகூட படிக்கல. அந்த சனிக்கிழமை 19-ம் தேதி பங்குனி உத்திரம். அன்னதான வேலைக்காக 74 பேர் நம்பர் என் போன்ல இருந்துச்சு. எல்லாருக்கும் அனுப்பிட்டு, நல்ல காரியம் செஞ்ச திருப்தியோட லைனுக்குப் போனேன். இத்தனைக்கும் எக்ஸ்ரே மெஷின் பக்கம் வேலைன்னு என் சட்டையில் கதிர்வீச்சு அளக்குற பேட்ஜ் குத்தியிருந்தது.

மறுநாள் அந்த இன்ஜினியர்கிட்ட எஸ்.எம்.எஸ்ஸைக் காட்டினேன். அவர் கோபப்படல. மலாயும் இங்கிலீஷும் கலந்து மூணே கேள்வி கேட்டார். யார் சொன்னது? எத்தனை மணிக்கு? எவ்வளவு தூரத்துக்கு? எனக்கு ஒண்ணுக்கும் பதில் இல்ல. அவர் தன் நோட்டைத் திறந்து காட்டினார். கோடு போட்டு எழுதியிருந்தார். 11-ம் தேதி, அரசாங்கம், 3 கிலோமீட்டர் வெளியேறணும். 12-ம் தேதி 10, பிறகு 20. 15-ம் தேதி, 20-லேர்ந்து 30 கிலோமீட்டர் வரைக்கும் இருக்கிறவங்க வீட்டுக்குள்ளேயே இருக்கணும். பெத்த தாய் அங்க இருக்கும்போது அந்த மனுஷன் அப்படித்தான் செய்தி பார்த்தார். நம்ம ஊரோ அங்கேருந்து 5,000 கிலோமீட்டருக்கு மேல.

அப்பவே 74 பேருக்கும் "அது பொய்"ன்னு அனுப்பியிருக்கணும். அனுப்பல. வெட்கம். நாலு பேர் சிரிப்பாங்கன்னு பயம். தெரியாம அனுப்பினதை சாமி மன்னிச்சிருப்பார். தெரிஞ்ச பிறகு வாயை மூடிக்கிட்டு இருந்ததுதான் என் தப்பு.

புதன்கிழமை சாயங்காலம் போன் வந்தது. கோயில்ல காய் நறுக்கிற பாட்டி, தனியா இருப்பவங்க, ரெண்டு நாளா ஜன்னலைக்கூட திறக்கல. மழைக்குப் பயந்து கிளினிக்குக்குப் போகல. இன்சுலின் தீர்ந்து போச்சு. பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா கதவைத் தட்டிப் பார்த்துட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்காங்க. நான் போய்ப் பார்த்தப்போ கழுத்து பூரா பெட்டடைன் கறை. தோல் சிவந்து வெந்து கிடந்தது.

"பாட்டி, நான் அனுப்பினது பொய் பாட்டி. அங்கேருந்து இங்க ஒண்ணும் வராது. பயப்படாதீங்க"ன்னேன்.

பாட்டி என்னையே பார்த்தாங்க. "தம்பி, நான் லஹாட்ல இருந்தவ. அப்பவும் ஒண்ணும் வராதுன்னுதான் சொன்னாங்க"ன்னாங்க.

எனக்கு வாயடைச்சுப் போச்சு. ஈப்போ பக்கம், லஹாட்டுக்குக் கிட்டத்துல புக்கிட் மேராவில் 1982-லேர்ந்து அரிய மண் தொழிற்சாலை ஓடிச்சு. தோரியம் கலந்த கதிரியக்கக் கழிவு வீடுகளுக்குப் பக்கத்துலயே கிடந்தது. ஊர் மக்கள் 1985-ல் கோர்ட்டுக்குப் போனாங்க. 1992 ஜூலையில் ஈப்போ உயர்நீதிமன்றம் மூடச் சொன்னது. 1993-ல் மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு மாறிச்சு. ஆனாலும் 1994-ல் தொழிற்சாலை மூடினாங்க. பாட்டி பயந்தது முட்டாள்தனம் இல்ல. அவங்க கண்ணால பார்த்த பயம். அந்தப் பயத்தின் மேலதான் நான் ஒரு பொய்யைக் கொட்டியிருக்கேன்.

அந்த ஊர் ஜனங்களைப் பத்தி அப்புறம் நிறைய யோசிச்சேன். அவங்களும் பயந்தாங்க. ஆனா எந்த இடம், என்ன கழிவு, எவ்வளவுன்னு அளந்து, சாட்சி வச்சுப் பேசினாங்க. அதனாலதான் எதிர்த்து நிக்க முடிஞ்சது.

பங்குனி உத்திரத்தன்னிக்கு தலைவர்கிட்ட அனுமதி கேட்டு, அன்னதானத்துக்கு முன்னால மைக்கில் சொன்னேன். "அந்த எஸ்.எம்.எஸ். நான்தான் அனுப்பினேன். அது பொய். மன்னிச்சிருங்க." கை நடுங்கிச்சு. யாரும் சிரிக்கல. பிறகு அந்த இன்ஜினியருடைய அம்மா பேருக்கு ஓர் அர்ச்சனை சொன்னேன். குருக்கள் நட்சத்திரம் கேட்டார், தெரியல. சாமி பேருக்கே செஞ்சிருவோம்னார். இவாக்கி அம்மா நல்லா இருக்காங்கன்னு பிறகு தகவல் வந்தது. நம்ம பாட்டியும் தேறி வந்து மறுபடி காய் நறுக்கினாங்க. இப்ப அவங்க இல்ல.

இன்னொரு விஷயம் பிறகு படிச்சேன். புக்குஷிமா மாநிலத்துல சுனாமியில் செத்தவங்களைவிட, அவசரமா இடம் மாத்தினது, முகாம் வாழ்க்கை, மருந்தில்லாம இருந்தது, மனக்கஷ்டம் இதனால எல்லாம் செத்தவங்க அதிகம். 2,000 பேருக்கும் மேல. பெரும்பாலும் வயசானவங்க. அதைப் படிச்சப்போ நம்ம பாட்டியின் மூடின ஜன்னல்தான் ஞாபகம் வந்துச்சு.

இப்ப இந்தத் தண்ணி விஷயம். அந்த மூணு கேள்வியைக் கேட்டுப் பார்த்தேன். வடிகட்டியும் டிரிட்டியம் போகாது, அதனால கடல் தண்ணி கலந்து லிட்டருக்கு 1,500 பெக்கரலுக்குக் கீழே கொண்டு வந்து விடுறாங்க. குடிதண்ணிக்கே உலக சுகாதார நிறுவனம் சொல்ற அளவு 10,000. பாதிப்பு மிகச் சொற்பம்னு அனைத்துலக அணுசக்தி நிறுவனம் 2023 ஜூலையில் அறிக்கை கொடுத்துச்சு. சீனா ஒத்துக்கல, 2023-ல் ஜப்பான் கடல் உணவையே தடை பண்ணுச்சு. புக்குஷிமா மீனவர்களும் எதிர்த்தாங்க. இது ரெண்டு பக்கமும் உள்ள செய்தி. சந்தேகம் இருந்தா கேளுங்க, கேட்கணும். ஆனா உப்பு மூட்டை வாங்கச் சொன்னது யாருன்னு நேத்து வந்த செய்தியில் ஒரு பேர்கூட இல்ல. மீனைப் புரட்டாசிக்கு நிறுத்துவோம், அது வேற கணக்கு.

அதனால ஒரு சின்ன வேண்டுகோள். அனுப்புறதுக்கு முன்னால யார், எப்போ, எவ்வளவு தூரம்னு பாருங்க. தப்பா அனுப்பிட்டா அன்னைக்கே "தப்பு"ன்னு அதே குரூப்பில் போடுங்க. யாரும் சிரிக்க மாட்டோம். உங்க தாமானில் தனியா இருக்கிற பெரியவங்க யாராவது நேத்து செய்தியைப் பார்த்துப் பயந்திருப்பாங்க. போன் வேண்டாம், நேர்ல போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க.

விநாயகர் சதுர்த்தி அன்னதானத்துக்குக் காய் நறுக்க ஆள் வேணும். முடிஞ்சவங்க பேர் கொடுங்க.

முருகா சரணம்.