மிச்சத்தில் ஏறும் மை

பிள்ளைகளே, வசதி வந்த பிறகு கலையைத் தொடங்கலாம் என்று காத்திருந்தவர்கள் பலரை இந்த மும்பையில் பார்த்துவிட்டேன். சிலருக்கு வசதி வந்தது, கலை வரவில்லை. தாராவியின் ஒற்றை அறை வீடுகளிலும், மாட்டுங்காவின் பழைய கட்டடங்களிலும், செம்பூர்க் குடியிருப்புகளிலும் படம் வரையும் ஆசையோடு வளரும் உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான்: போனதை எண்ணிக்கொண்டிராமல், மிஞ்சியதில் வேலையைத் தொடங்குங்கள்.

இதை எனக்குக் கற்பித்தது லினோ அச்சு. ஆளிவிதை எண்ணெயும் தக்கைத் தூளும் கலந்து, சணல் துணிமேல் படியவைத்த தகடு அது. வெயிலில் சற்று வைத்தால் இளகும். உளியை உடம்புக்கு எதிர்ப்புறமாகத் தள்ளிச் செதுக்க வேண்டும். தகட்டைப் பிடித்த கை உளிக்கு முன்னால் வரவே கூடாது. படம் இடவலம் மாறி விழும் என்பதால், எழுத்தைத் திருப்பியே செதுக்க வேண்டும். ரோலரால் மை தடவி, காகிதத்தைப் போர்த்தி, எவர்சில்வர் கரண்டியின் முதுகால் அழுத்தித் தேய்த்தால் படம் வந்துவிடும், இயந்திரம் தேவையில்லை. ஆனால் செதுக்கிய பள்ளத்தைப் பழையபடி ஆக்க முடியாது. வெட்டிப் போனது வெள்ளையாக நிற்கும். மிச்சமிருப்பதில்தான் மை ஏறும்.

தாராவியில் ஞாயிறுதோறும் நான் சொல்லிக்கொடுத்துவந்த காலத்தில், ஒரு பையன் தன் தெருவின் தகரக் கூரைகளைச் செதுக்கிக்கொண்டிருந்தான். மேலே முழுக்கக் கறுப்பு வானம். உளி வழுக்கி, வானத்தின் குறுக்கே நீளமாக ஒரு கீறல் விழுந்தது. "தாத்தா, இது போயிட்டு. வேற துண்டு தாங்க" என்றான். "அதே சாய்வுல இன்னும் செதுக்குடா" என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் செதுக்கினான். காகிதத்தை உரித்தபோது, கூரைகளின் மேல் ஜூலை மழை கொட்டிக்கொண்டிருந்தது. புதுத் துண்டு கொடுத்திருந்தால் அவன் நினைத்த படம் கிடைத்திருக்கும். நினையாத மழை கிடைத்திராது. பிழையைச் சகித்துக்கொள்வது எளிது. அதைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு மேலே செய்வதற்குத்தான் பொறுமை வேண்டும்.

இந்த ஊரில் அப்படி வாழ்ந்து காட்டியவர் ஓவியர் சித்தப்ரசாத். 1943 வங்கப் பஞ்சத்தின்போது மிட்னாபூர் கிராமங்களில் நடந்து திரிந்து, பசியில் வாடியவர்களை நேரில் கண்டு வரைந்தார். அவை 'ஹங்க்ரி பெங்கால்' என்று புத்தகமாக வந்ததும், ஆங்கிலேய அரசு பிரதிகளைப் பறிமுதல் செய்து எரித்தது. பின்னர் அவர் பம்பாய்க்கு வந்து, அந்தேரியில் எளிய வாழ்க்கை வாழ்ந்தபடி லினோ தகடுகளைச் செதுக்கினார். வேலைக்குப் போகும் குழந்தைகளை அவர் செதுக்கிய வரிசையைப் பாருங்கள். விளையாட வேண்டிய வயதின் முகத்தில் பெரியவர்களின் களைப்பு தெரியும். ஒரே தகட்டிலிருந்து பிரதிகள் பல எடுக்கலாம், ஏழை வீட்டுச் சுவருக்கும் படம் போய்ச் சேரலாம். எரித்தவர்களால் காகிதத்தைத்தான் எரிக்க முடிந்தது; வரையும் கையைத் தடுக்க முடியவில்லை. அவர் 1978இல் மறைந்தார். படங்கள் இன்றும் பேசுகின்றன.

சாந்திநிகேதன் கலைப்பள்ளியின் ஓவியர் பினோத் பிஹாரி முகர்ஜிக்குப் பிறவியிலிருந்தே பார்வை குறைவு. ஐம்பதைக் கடந்த வயதில், கண்புரை அறுவை சிகிச்சைக்குப் பிறகு இருந்த பார்வையும் அடியோடு போயிற்று. ஓவியருக்கு இதைவிடப் பெரிய இழப்பு உண்டா? அவர் காகிதத்தை எடுத்தார். விரலால் தடவி, மடித்து, கத்தரித்து, ஒட்டி, வண்ணக் காகித ஒட்டுப்படங்கள் செய்தார். அவருடைய மாணவர் சத்யஜித் ராய், 1972இல் அவரைப் பற்றி 'தி இன்னர் ஐ' என்ற ஆவணப்படம் எடுத்தார். கண் போன பின்னும் விரல் மிஞ்சியிருந்தது. அவருக்கு அது போதுமாயிருந்தது. கல்யாணப் பத்திரிகையும், இனிப்புப் பெட்டி அட்டையும், தையல் கடை வெட்டுத் துணியும் தாராவியில் குவிந்து கிடக்கின்றன. கொஞ்சம் மைதா பசை காய்ச்சிக்கொண்டால், ஒட்டுப்படத்துக்கு வேறென்ன வேண்டும்?

பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் 1924இல் பிறந்த ஓவியர் கே. ஜி. சுப்பிரமணியன், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தபோது வெள்ளையனே வெளியேறு போராட்டத்தில் சிறை சென்றார். அதனால் அரசுக் கல்லூரிகளின் கதவு அவருக்கு மூடியது. 1944இல் சாந்திநிகேதனுக்குப் போய், அந்தப் பினோத் பிஹாரியிடமே ஓவியம் கற்றார். பிற்காலத்தில் பம்பாயில் அகில இந்தியக் கைத்தறி வாரியத்திலும் பணியாற்றினார். 2016இல் மறையும் வரை அவர் கை ஓயவில்லை. ஒரு கதவு சாத்தியதும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டவருக்கு அடுத்த தெரு தெரியாது.

நீங்கள் செய்ய வேண்டியது சிறியது. சட்டைப் பையில் அடங்கும் நோட்டு ஒன்றை எப்போதும் வைத்திருங்கள். லோக்கல் ரயிலில் எதிரே இருப்பவரை வரையத் தொடங்குவீர்கள். பாதி முகம் முடிவதற்குள் சயானில் இறங்கிவிடுவார். அந்தப் பக்கத்தைக் கிழிக்காதீர்கள். கீழே தேதியைப் போட்டு, மறுபக்கம் திருப்புங்கள். பாதி முகங்கள் சேரச் சேர, ஒரு பார்வையில் எதைப் பிடிக்க வேண்டும் என்பது கண்ணுக்குப் பழகிவிடும். இப்படிப் பத்து வருடம் விடாமல் செய்த பிறகு, எனக்குத் திறமை உண்டா என்று கேளுங்கள். அதுவரை அந்தக் கேள்விக்கு உங்கள் பொழுதைக் கொடுக்காதீர்கள்.