பாலையில் தங்கியவர்

மாத்தளையிலிருந்து தம்புள்ளை நோக்கிச் செல்பவர், நாலந்தாவைத் தாண்டியதும் நிலம் மெல்ல மாறுவதைக் காண்பர். நக்கிள்ஸ் மலையின் ஈரம் பின்தங்கிவிட, முட்புதரும் வறண்ட காற்றும் எதிர்ப்படும். ஆடி, ஆவணி மாதங்களில் இவ்வழி செல்வோருக்கு, குறிஞ்சியும் முல்லையும் வளங் குன்றிப் பாலையாகும் என்ற இளங்கோவடிகளின் கருத்தை விளக்க உரையாசிரியர் எவரும் வேண்டியதில்லை. கோப்பித் தோட்டங்களுக்காக மன்னார்க் கரையில் இறங்கிய தமிழ்த் தொழிலாளர் காட்டினூடே நடந்து மாத்தளையை அடைந்ததும் இத்திசையிலிருந்தே. நோயாலும் பசியாலும் வழியில் வீழ்ந்தோர் பலர். தோட்ட மக்களின் வாய்மொழிப் பாடல்களைப் பின்னாளில் சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் தொகுத்தனர். ஆனால் அவற்றை முதலிற் பாடியோர் பெயரிலிகளாகவே போயினர்.

நம் இலக்கியத்திற் பாலை, கடந்து செல்வதற்குரிய நிலம். எயினரும் மறவரும் அங்கு வாழ்வதாகச் சொல்லப்பட்டாலும், புலவனின் கண் பெரும்பாலும் பொருள்தேடிப் போகும் தலைவனையும், வீட்டிலிருந்து அவ்வெம்மையை நினைந்து வருந்தும் தலைவியையுமே தொடர்கிறது. பாலையிலேயே தங்கி அதனைத் தன் ஊராக்கிக்கொண்ட கவிஞர் ஒருவரைக் காண வேண்டுமாயின் நாம் கடல் கடந்து செல்லவேண்டும். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் வாழ்ந்த றிச்சர்ட் ஷெல்டன் அத்தகையவர்.

அன்னார் 1933இல், ஐடஹோ மாநிலத்துப் பொய்சி நகரிற் பிறந்தவர். படைச்சேவை அவரைப் பாலைக்குக் கொண்டுவந்தது. செப்புச் சுரங்க ஊரான பிஸ்பீயிற் சிலகாலம் பள்ளி ஆசிரியராயிருந்து, பின்பு டூசன் நகரிலுள்ள அரிசோனாப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து பேராசிரியரானார். இவ்வளவில் நின்றிருந்தால் அது எந்தப் பேராசிரியரின் வாழ்க்கையும் போன்றதே.

டூசனைச் சூழ்ந்த சொனோரன் பாலை, நாம் கற்பனை செய்யும் வெறும் மணற்பரப்பன்று. ஆண்டுக்கு ஏறத்தாழ 300 மில்லிமீற்றர் மழையே அங்கு பெய்யும். அதுவும் மாரியில் ஒருமுறையும் கோடையில் இடிமுழக்கத்துடன் ஒருமுறையுமாக வரும். சகுவாரோ என்னும் நெடுங்கள்ளி முதற் கிளை விடுவதற்கே பெரும்பாலும் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகும். ஒரு பருவம் வந்து பார்த்துப் போகிறவனுக்கு இத்தகைய நிலம் என்ன சொல்லும்? ஷெல்டன் அங்கேயே இருந்து பார்த்தார். 1971இல் வெளிவந்த அவரது கவிதைத் தொகுதியின் பெயரே பச்சை குத்தப்பட்ட பாலையைக் குறிப்பது. பிஸ்பீக்கு மீண்டும் சென்ற பயணத்தை வைத்து 1992இல் அவர் வெளியிட்ட உரைநடை நூலில், வழியிலுள்ள செடியும் கல்லும் பாழடைந்த ஊரும் மனிதருக்கு நிகரான இடம் பெறுகின்றன.

எனினும் அவர் வாழ்வின் பெரும்பகுதி வேறொரு வறட்சியோடு பிணைந்தது. 1970இல், மூன்று கொலைகளுக்காகத் தண்டிக்கப்பட்ட சார்ல்ஸ் ஷ்மிட் என்பவன், தன் கவிதைகளைப் பார்த்துத் திருத்துமாறு சிறையிலிருந்து அவருக்குக் கடிதம் எழுதினான். அவனுக்கு விடையெழுதத் தம்மைத் தூண்டியது கருணையன்று, கொலையாளி ஒருவனை அறியும் ஆவலே என்பதை ஷெல்டன் பின்னர் மறைக்காமல் ஒப்புக்கொண்டார். நற்செயல்களின் தொடக்கத்தைப் பொன்மெழுகிக் காட்டுவோர் மலிந்த உலகில் இவ்வொப்புதல் அரிதானது. 1974இல் புளோரன்ஸ் நகரச் சிறையிற் கைதிகளுக்கான எழுத்துப் பட்டறையைத் தொடங்கினார். மறு ஆண்டே ஷ்மிட் சக கைதிகளாற் குத்தப்பட்டு இறந்தான். ஆவல் மட்டுமே காரணமாயின் ஷெல்டன் அன்றே வெளியேறியிருக்கலாம். அவரோ முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சிறைமுற்றங்களைக் கடந்துகொண்டிருந்தார். அவ்வனுபவத்தை 2007இல் நூலாக்கினார். கைதிகளின் எழுத்துக்கென இதழொன்றும் நடத்தப்பட்டது.

அவரிடம் எழுதப் பயின்ற கைதிகளுள் ஒருவர் கென் லாம்பர்ட்டன். முன்பு விஞ்ஞான ஆசிரியராயிருந்தவர். வெளியே செல்ல வழியற்ற அவர், சிறைக்குள் வந்துபோகும் உயிர்களையே கவனிக்கலானார். கட்டடத்திற் கூடுகட்டும் தகைவிலான்களும், கோடைமழைக்கு மண்ணிலிருந்து வெளிவரும் தேரைகளும் முள்வேலிக்குள் வந்த பாலைவனமாக அவருக்குத் தோன்றின. அவற்றை அவர் எழுதிய நூல் 2000இல் வெளிவந்தது. இயற்கை எழுத்துக்கான ஜோன் பரோஸ் பதக்கத்தையும் பெற்றது.

ஷெல்டன் 2022 நவம்பரில், தமது 89ஆம் வயதில், டூசனிலேயே காலமானார். இளமையிற் படைவீரனாக வந்திறங்கிய அந்நிலத்தை விட்டு அவர் வேறெங்கும் குடிபெயரவில்லை.