கடைசியாக இறங்கியவன்

நள்ளிரவு கடந்த வேளையில் திருவனந்தபுரம் விமான நிலையத்தின் வருகை வாயிலில் நிற்பவர்களை நான் பலமுறை கவனித்திருக்கிறேன். கடற்கரைப் பங்குகளில் பணியாற்றும் குருக்களுக்கு அது பழகிய இடம். வளைகுடா நாடுகளிலிருந்து வருவோர் கம்பளிப் போர்வைக் கட்டுகளையும் கயிறு சுற்றிய அட்டைப் பெட்டிகளையும் தள்ளிக்கொண்டு வெளியே வருவர். தந்தையை அடையாளம் தெரியாத குழந்தை தாயின் முந்தானைக்குள் முகம் புதைக்கும். சிரிப்பும் அழுகையும் ஒன்றாய்க் கலந்த சத்தம் அங்கே விடியும்வரை ஓய்வதில்லை.

2013-ஆம் ஆண்டின் மழைக்கால இரவொன்றில் நானும் அவ்வாயிலில் நின்றிருந்தேன். என்னுடன் என் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர், அவருடைய தம்பி, அன்பியப் பொறுப்பாளர்கள் இருவர். பயணிகள் எல்லாரும் போய்விட்டார்கள். எதிர்கொள்ள வந்தவர்களும் போய்விட்டார்கள். துப்புரவுப் பணியாளர் தரையைத் துடைக்கத் தொடங்கிய பின்னரும் நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். படுக்கையில் வருபவரை எல்லாருக்கும் கடைசியாகத்தான் இறக்குவார்கள் என்பதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அவனுக்கு அப்போது 29 வயது. சவுதி அரேபியாவின் கிழக்குக் கரையில் மீன்பிடித் தொழிலுக்குப் போனவன். படகில் மீன் சேமிக்கும் கீழறைக்குள் தவறி விழுந்ததில் முதுகெலும்பு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப் போனான். செய்தி வந்த அன்று மாலைத் திருப்பலி முடிந்ததும் அவனுடைய தாய் பீடத்தின் படியருகே வந்து நின்று, "சாமி, எம் புள்ளய எங்கிட்ட கொண்டு வந்து சேத்துருங்க. கஞ்சித் தண்ணி குடிச்சாவது நான் பாத்துக்கிடுவேன்" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் ஆறு வாரம் ஓடினேன்.

ஓடியபோதுதான், நோயுற்ற ஒருவரைக் கடல் கடந்து வீடு சேர்ப்பது எத்துணைச் சிக்கலான செயல் என்பது எனக்குத் தெரிந்தது. கடவுச்சீட்டு முதலாளியிடம் இருந்தது. அந்நாளைய அந்நாட்டுச் சட்டப்படி முதலாளியின் இசைவில்லாமல் வெளியேறும் அனுமதி கிடைக்காது. மருத்துவமனைக் கணக்குத் தீர்ந்தாக வேண்டும். பிறகு விமான நிறுவனம் தரும் படிவத்தை மருத்துவர் நிரப்ப வேண்டும்: நோய் என்ன, உட்கார முடியுமா, உயிர்வளி தேவையா, உடன் வருபவர் செவிலியரா உறவினரா. படுத்தே வரவேண்டியவருக்காக விமானத்தின் பின்பகுதியில் இருக்கைகளின் முதுகை மடக்கி, அவற்றின் மீது ஸ்ட்ரெச்சரைப் பொருத்திச் சுற்றிலும் திரை கட்டுகிறார்கள். அதற்கு ஆறு இருக்கைகள் வேண்டும். சில விமானங்களில் ஒன்பது. அத்தனைக்கும் கட்டணம் உண்டு. துணைக்கு வருபவருக்குத் தனிக் கட்டணம். தொழிலாளர்களுக்கென நடுவணரசு 2003-இல் தொடங்கிய காப்பீட்டுத் திட்டம் ஒன்று இருக்கிறது. குடியேற்றத் துறையின் ஒப்புதல் பெற்று வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் அதில் சேர்ந்தாக வேண்டும். உடல்நலமிழந்து திரும்புவோருக்கு அது சாதாரண வகுப்பில் ஒருவழிக் கட்டணம் தருகிறது. மனிதன் உட்கார்ந்துதான் திரும்புவான் என்று அதை வகுத்தவர்கள் எண்ணியிருக்க வேண்டும். எப்படியானாலும் இவனுடைய காப்பீட்டுத் தாள் ஏஜெண்டிடம் இருந்தது. ஏஜெண்டு எங்கிருந்தார் என்பது யாருக்கும் தெரியவில்லை.

மற்றொன்றையும் அப்போது கற்றேன். விமானத்துக்குள் இருக்கும் காற்று நாம் தரையில் சுவாசிக்கும் காற்றைப் போன்றதன்று. ஏறத்தாழ 8000 அடி உயரத்துக் காற்று அது. அதாவது ஊட்டி நகருக்கும் தொட்டபெட்டாச் சிகரத்துக்கும் இடைப்பட்ட ஓர் உயரம். நலமுள்ளவர்களுக்கு அது தெரிவதில்லை. நுரையீரல் பழுதுற்றவர்களுக்கோ உயிர்வளி குறையும். உடலுக்குள் அடைபட்ட காற்று மூன்றில் ஒரு பங்கு வரை விரியும். ஆகவேதான் விலா முறிந்து நுரையீரலைச் சுற்றிக் காற்றுக் கட்டியவர்களையும், அண்மையில் குடல் அறுவை செய்துகொண்டவர்களையும் ஏற்ற மறுக்கிறார்கள். உறவினர்கள் இதைக் கல்நெஞ்சம் என்று ஏசுவர். நானும் ஒருமுறை தொலைபேசியில் ஏசினேன்.

அங்கிருந்த மருத்துவர், இன்னும் சில வாரம் இருக்கட்டும், உடற்பயிற்சிச் சிகிச்சை இப்போதுதான் தொடங்கியிருக்கிறது என்று கூறியதாக அவனுடைய அறைத்தோழன் சொன்னான். முதலாளிக்கு அதில் விருப்பமில்லை. நாளுக்கு நாள் செலவு ஏறியது. எங்களுக்கும் விருப்பமில்லை, தாயின் கண்ணீரை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்தோம். எங்கள் கண்ணீரும் அவருடைய கணக்கும் ஒரே திசையில் இழுத்தன என்பதை அன்று நான் உணரவில்லை. முதலாளி திடீரென்று இணங்கிவிட்டார் என்று கேட்டபோது, அதை இறைவனின் செயல் என்று கோயிலில் அறிவித்தேன்.

அதற்கு முந்திய வாரம் அவன் என்னிடம் தொலைபேசியில் பேசினான். "சாமி, கொஞ்ச நாளு நான் இங்கேயே கெடக்கேன். இப்ப வேண்டாம்னு அம்மாகிட்ட நீங்கதான் சொல்லணும்" என்றான். நான் அதை மனமுடைந்தவனின் பேச்சாக எடுத்துக்கொண்டேன். தைரியமாயிரு, எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று ஆறுதல் கூறி, செபித்து, வைத்துவிட்டேன். ஏன் வேண்டாம் என்று கேட்கவில்லை.

அவன் வந்து சேர்ந்தான். மருத்துவ வண்டியில் எங்கள் ஊர் வர இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. கடற்கரை வீட்டின் வாயில் ஒடுக்கம், ஸ்ட்ரெச்சர் நுழையவில்லை. நான்கு பேர் ஒரு போர்வையின் மூலைகளைப் பிடித்து அவனைத் தூக்கிச் சென்று பாயில் கிடத்தினார்கள். தெருவே கூடியிருந்தது. திமிர்வாதக்காரனைக் கூரை வழியே இறக்கிய நால்வரை நினைத்து என் உள்ளம் நெகிழ்ந்தது உண்மை. அடுத்த ஞாயிறு மறையுரைக்கும் அதையே எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை அவனைத் திருப்பிப் படுக்க வைத்த செவிலியர் என்னை அழைத்துக் காட்டினார். இடுப்பின் அடியில் தோல் கறுத்து உரிந்திருந்தது. உணர்வற்ற உடலை இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். மருத்துவமனையை விட்டுப் புறப்பட்டதிலிருந்து வீட்டுப் பாயில் கிடத்தியது வரை, பதினான்கு மணி நேரம், அவனை யாரும் புரட்டவில்லை. உடன் வந்த அறைத்தோழனுக்கு அது தெரியாது. அவனுக்கே வலி தெரியாது. அந்தப் புண் ஆற எட்டு மாதமாயிற்று.

அதனினும் ஆழமான புண்ணை அவன் ஒரு மாதம் கழித்துக் காட்டினான். நான் நற்கருணை கொண்டு சென்ற ஒரு முதல் வெள்ளியன்று, தாய் தண்ணீர் எடுக்கப் போயிருந்த வேளையில் சொன்னான். வெளியேறும் அனுமதிக்காக அவனிடம் அரபு மொழியில் ஒரு தாளில் கைநாட்டு வாங்கியிருந்தார்கள். வரவேண்டிய யாவும் வந்துவிட்டன என்று அதில் இருந்திருக்கிறது. ஏழு மாதச் சம்பளமும் விபத்துக்கான இழப்பீடும் அதோடு போயின. வழக்கை நடத்தும்படி இந்தியத் தூதரகத்துக்குப் பவர் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தால், அவன் இங்கே கிடந்தாலும் வழக்கு அங்கே நடந்திருக்கும். அறையில் இருந்த மூத்தவர் ஒருவர் அதை அவனுக்குச் சொல்லியிருந்தார். அதற்காகத்தான் சில வாரம் கேட்டிருக்கிறான். போவதற்கு வாங்கிய கடன் வட்டியுடன் நின்றது. தங்கையின் திருமணமும் நின்றது.

"நீங்க எல்லாரும் நல்லதுதான் நெனச்சீங்க சாமி" என்று முடித்தான். அவன் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு அது எளிதாயிருந்திருக்கும்.

அன்றிரவு மாற்கு நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தை மறுபடியும் எடுத்துப் படித்தேன். கூரையைப் பிரித்தவர்கள் இருக்கிறார்கள், உள்ளத்துக்குள் குறைகண்ட மறைநூல் அறிஞர்கள் இருக்கிறார்கள், கூட்டம் இருக்கிறது. படுக்கையில் கிடந்தவன் மட்டும் ஒரு சொல்கூடப் பேசுவதில்லை. குருத்துவக் கல்லூரியில் நான்காண்டு இறையியல் பயின்றவன், எத்தனையோ முறை அப்பகுதிக்கு மறையுரை ஆற்றியவன், அதை அதற்கு முன் கவனித்ததில்லை.

விவிலியத்தில் வேறொரு நோயாளியும் உண்டு. அவரைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. பிலிப்பியர் திருமுகத்தில் வரும் எப்பப்பிராதித்து, சிறையிலிருந்த பவுலுக்கு உதவும்படி தம் ஊர்ச் சபையால் அனுப்பப்பட்டவர். அயலூரில் சாகும் தறுவாய்க்கு நோயுற்றார். பவுல் அவரைத் திருப்பி அனுப்புகிறார். அங்கே நான் கண்டது இரண்டு. ஒன்று, அனுப்புமுன் பவுல் அவருடைய மனத்தை அறிந்திருக்கிறார்: அவர் ஊரை ஏங்குகிறார், தமக்கு நோயென்று வீட்டார் கேள்விப்பட்டதை எண்ணிக் கலங்குகிறார். மற்றொன்று, அவரை மகிழ்ச்சியோடு வரவேற்று மதிப்புக் கொடுங்கள் என்று வலிந்து எழுதுகிறார். போன காரியம் முடிக்காமல் திரும்பிவிட்டான் என்று யாரேனும் சொல்லிவிடுவார்கள் என்ற அச்சம் பவுலுக்கு இருந்திருக்கலாம். எங்கள் கடற்கரையில் அந்தச் சொல் எத்துணைக் கூர்மையானது என்பதை நான் அறிவேன்.

இதற்குச் சில ஆண்டுகள் முன்பு, கோடை விடுப்புப் பணிக்காக ஜெர்மனியின் பவேரியாவில் ஒரு மாதம் இருந்தேன். அப்பங்கின் மூதாட்டி ஒருவர் ஸ்பெயினின் மயோர்க்காத் தீவில் விடுமுறையைக் கழிக்கையில் இடுப்பெலும்பு முறிந்து, ஆறாம் நாள் மருத்துவ விமானத்தில் வீடு வந்து சேர்ந்தார். அங்கே கார் ஓட்டுவோர் சங்கமான ஏ.டி.ஏ.சி. இதற்கென்றே மஞ்சள் நிற விமானங்களை வைத்திருக்கிறது. அந்நாட்டின் பொது மருத்துவக் காப்பீடு இச்செலவைச் சட்டப்படியே ஏற்பதில்லை. ஆதலால் மக்கள் சங்கத்திலோ தனிக் காப்பீட்டிலோ சேர்ந்துகொள்கிறார்கள். அக்காப்பீட்டுத் தாள்களில் ஒரு சொல் வேறுபாடு உண்டு என்று பங்குப் பேரவைத் தலைவர் எனக்கு விளக்கினார். மருத்துவ முறையில் 'கட்டாயமானால்' வீடு சேர்ப்போம் என்று சில சொல்கின்றன. மருத்துவ முறையில் 'பொருத்தமானால்' சேர்ப்போம் என்று வேறு சில. முதலாவதை நம்பியவர்கள் ஏமாந்திருக்கிறார்கள். அயல்நாட்டு மருத்துவமனையிலேயே தக்க சிகிச்சை கிடைக்குமானால் கட்டாயம் இல்லையல்லவா? அன்று அதை ஐரோப்பியரின் கணக்கு நுட்பம் என்று எண்ணிச் சிரித்தேன். என் பங்கு இளைஞனுக்குப் பின் சிரிப்பு வரவில்லை. எது பொருத்தம் என்று அவர்கள் தாளிலாவது கேட்டார்கள்.

அழைத்து வந்ததே தவறு என்று நான் சொல்லவில்லை. மொழி தெரியாத வார்டில் சுவரைப் பார்த்துக் கிடப்பவருக்குத் தாயின் குரல் மருந்துக்கு நிகர். வெளிநாட்டில் துயருறும் இந்தியருக்கென 2009-இல் நம் தூதரகங்களில் நலநிதி ஒன்று ஏற்படுத்தப்பட்டது. அதைக் கேட்டுப் பெற்றால் பயணச் செலவுக்கு உதவி கிட்டும் என்பதைப் பின்னர் அறிந்து, வேறு இரு குடும்பங்களுக்கு நானே விண்ணப்பம் எழுதியிருக்கிறேன். அவ்விருவரையும் புறப்படுமுன் தொலைபேசியில் அழைத்து, வர விருப்பமா என்று கேட்டேன். ஒருவர் உடனே ஆம் என்றார். மற்றவர் நெடுநேரம் பேசாதிருந்து, "வீட்ல யாரு இருக்கா சாமி?" என்று கேட்டார். அதற்கு விடை சொல்ல எனக்கு மூன்று நாள் பிடித்தது.

அவன் வேலூருக்குப் போனான். கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு நிலையம் 1966 முதல் அங்கே இயங்கிவருகிறது. அதன் தோற்றத்துக்குக் காரணமாயிருந்த மருத்துவர் மேரி வர்கீஸ், 1954-இல் நேர்ந்த சாலை விபத்தில் தாமே இடுப்புக்குக் கீழ் செயலிழந்தவர். சக்கர நாற்காலியிலிருந்தபடியே அறுவை செய்தவர். அங்கே தங்கியிருந்த மாதங்களில் படுக்கையிலிருந்து நாற்காலிக்குத் தானே மாறவும், கைகளை ஊன்றிப் பதினைந்து நிமிடத்துக்கொருமுறை உடலை உயர்த்தவும் பழகிக்கொண்டு வந்தான். ஊரார் வாயிலை இடித்து அகலப்படுத்தி, படிக்குப் பதிலாகச் சரிவு கட்டினார்கள். சிமெண்டு தந்தது திருவிழாக் குழு. அவ்வாண்டு வாணவேடிக்கை இல்லை. இதற்கு எதிர்ப்பும் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை.

நான் அப்பங்கை விட்டு மாறி ஆண்டுகள் பல ஆயின. சென்ற மாதம் என் இப்போதைய பங்கிலிருந்து ஒரு பெண், கத்தாரில் பக்கவாதம் கண்ட கணவரைக் கொண்டுவர உதவி கேட்டு என்னிடம் வந்தார். நான் அவரைப் பேருந்தில் அழைத்துக்கொண்டு பழைய ஊருக்குப் போனேன். அவன் திண்ணையில் நாற்காலியில் அமர்ந்து வலை பொத்திக்கொண்டிருந்தான். மடியில் தொலைபேசி, பக்கத்தில் ஒரு பழைய பள்ளிக்கூட நோட்டு, அதில் தூதரக எண்களும், பவர் பத்திரத்தின் மாதிரி ஒன்றும், எந்த விமானத்தில் எத்தனை இருக்கை என்ற குறிப்பும்.

அப்பெண் அழத் தொடங்கினார். அவன் அவரைச் சற்றுப் பொறுக்கும்படி கையால் காட்டிவிட்டு, தொலைபேசியை வாங்கி எண்ணை அழுத்தினான். மறுமுனையில் யாரோ நோயாளியின் காதில் அதை வைத்திருக்க வேண்டும்.

"அண்ணே, நான் ஒங்கள மாதிரி படுத்துக் கெடந்தவன்தான் பேசுறேன்" என்றான். "அக்கா இங்க எம் பக்கத்துல இருக்கா. அவ சொல்றத அப்புறம் கேப்போம். ஒங்களுக்கு என்ன வேணும்? மெதுவாச் சொல்லுங்க, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

பிறகு வெகுநேரம் அவன் பேசவில்லை. வலையை மடியிலிருந்து எடுத்து அப்பால் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தான்.