பொம்மைப் பியானோவின் குரல்

திருவிழாக் கடையில் வாங்கிய ஊதலின் ஆயுள் மிகக் குறைவு. கூடலூர்த் தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளில் வாழ்வோர் இதை அறிவர். பிள்ளை வீடு வந்து சேருமுன்பே, "போதும், நிறுத்து" என்று பெரியவர்களின் குரல் எழுந்துவிடும். நமக்கு அது இரைச்சல். அத்தகைய ஓசைகளையே தம் இசையாக ஏற்றுக்கொண்டவர் பிரெஞ்சுக் கலைஞர் பாஸ்கல் கொமெலாத்.

1955இல் மோன்பெலியே நகரில் பிறந்த அவர், தொடக்கத்தில் மின்னணு இசையில் ஈடுபட்டார். பின்னர் 1983இல் 'பெல் கான்டோ ஆர்க்கெஸ்ட்ரா' என்னும் குழுவை அமைத்தார். 'பெல் கான்டோ' என்றால் இத்தாலிய மொழியில் 'அழகிய பாட்டு' என்பது பொருள். ஓபரா பாடகர்களின் உயர்ந்த கலையைக் குறிக்கும் பெயர் அது. அந்தப் பெயரைச் சூடிய குழுவிலே பொம்மைப் பியானோவும் பிளாஸ்டிக் கிதாரும் ஒலித்தன.

பொம்மைப் பியானோவில் கம்பிகள் இல்லை. கட்டையை அழுத்தினால் சிறு சுத்தியல் ஒன்று உலோகக் கோலைத் தட்டும். மணியோசை போல் ஒரு நாதம் எழும். சுருதி முழுமையாகச் சேர்வது அரிது. ஜெர்மனியிலிருந்து குடியேறிய ஆல்பர்ட் ஷோன்ஹட் என்பவர் 1872இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் இவற்றைச் செய்யும் தொழிலைத் தொடங்கினார். 1948இல் ஜான் கேஜ் என்ற இசையமைப்பாளர் இக்கருவிக்கென்றே ஒரு படைப்பை எழுதினார். அதற்கு அவர் பயன்படுத்தியவை ஒன்பதே வெள்ளைக் கட்டைகள்.

கொமெலாத்தின் இசைப் பதிவுகளைக் கேட்கையில் முதலில் என்னுள் ஒரு புன்னகை மலர்ந்தது. சற்று நேரத்தில் இனம்புரியாத ஏக்கமொன்று நெஞ்சில் படிந்தது. பிசிறடிக்கும் அந்தச் சிறு குரல் தன் குறையை மறைக்க முயல்வதில்லை. தன்னால் இயன்றதை மட்டும் பாடுகிறது. எளியவற்றிலும் அழகு உறைகிறது என்று மனம் மகிழ்ந்தது.

ஆயினும் அந்த மகிழ்ச்சியோடு நின்றுவிட என்னால் இயலவில்லை. கொமெலாத் பொம்மையைத் தாமே தேர்ந்துகொண்டார். வேண்டும்போது பெரிய பியானோவின் முன் அமரவும் அவரால் முடியும். எங்கள் பகுதியிலோ, 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாஸ்திரி உடன்படிக்கைக்குப் பின் இலங்கையிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் பல உள்ளன. தேயிலைக் கொழுந்து பறித்து வாழும் அத்தகைய வீட்டுப் பிள்ளையின் கையில் இருக்கும் ஊதல் அவன் தேர்ந்துகொண்டதன்று. வேறு எதுவும் அவனுக்குக் காட்டப்படவில்லை. எளிமையின் அழகைப் புகழ்ந்துவிட்டு, எளியோருக்குப் பொம்மையே போதும் என்று நாம் இருந்துவிடலாகாது.

நம் ஆலயங்கள் பலவற்றில் கீபோர்டு வாரம் முழுவதும் உறைக்குள் உறங்குகிறது. ஞாயிறன்று ஒரு சிறுவன் ஆவலோடு அருகில் வந்தால், "தொடாதே" என்கிறோம். திருப்பலி முடிந்தபின் கால்மணி நேரம் அவனை அதன்முன் அமரச் செய்தால் என்ன? அவன் தட்டும் சுரம் பிசகலாம். அதையும் பொறுமையோடு கேட்டு, அடுத்த சுரம் எங்கே இருக்கிறது என்று காட்டிக்கொடுக்க நம்முள் ஒருவர் வேண்டும்.