நூல் காசு வேறே... கூலி வேறே!

திருப்பூரில் எக்ஸ்போர்ட் ஆபீஸில் வேலை பார்க்கிறவனுக்கு சனிக்கிழமை சாயங்காலம் என்று ஒன்று கிடையாது. அப்படியும் போன வருஷம், 2025 அக்டோபர் 25-ம் தேதி, ஐந்து மணிக்கே கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு பஸ் ஏறினேன். காரணம், சாமளாபுரத்திலிருந்து அத்தை போன் பண்ணியிருந்தார்.

"கண்ணு, உங்க மாமா நாளைக்கு ராத்திரி சிங்கப்பூர் போறாரு. ஏதோ கார்டு வல்லீன்னு காலைல இருந்து சோறு திங்காம உக்காந்திருக்காரு. ஒரு எட்டு வந்துட்டுப் போ கண்ணு."

மங்கலம் ரோட்டில் நெரிசலைத் தாண்டினால் பத்துப் பதினைந்து கிலோமீட்டர்தான். மங்கலம் தாண்டியதும் திருப்பூரின் பனியன் வாசனை மெல்லக் குறைந்து தறிச் சத்தம் ஆரம்பிக்கும். திருப்பூர் பின்னுகிற ஊர் என்றால், சாமளாபுரம் நெய்கிற ஊர். வீட்டுக்குப் பின்னால் ஷெட், ஷெட்டுக்குள் விசைத்தறி. 'டக்கடக்... டக்கடக்' சத்தத்தில் சாதாரணமாகப் பேசினால் காது கேட்காது. அதனால் இந்தப் பக்கத்து ஜனங்கள் ரகசியத்தைக்கூடக் கொஞ்சம் உரக்கத்தான் சொல்வார்கள்!

ஊரை ஒட்டி நொய்யல். வெள்ளியங்கிரி மலையடியில் பிறந்து, கோயம்புத்தூரின் குளங்களை எல்லாம் விசாரித்துவிட்டு, திருப்பூரைத் தாண்டி, கரூர் பக்கம் காவிரியில் கலக்கிற ஆறு. அந்தத் தண்ணீர் தேங்குகிற சாமளாபுரம் குளம் இருக்கிறதே, சாயங்கால வெளிச்சத்தில் கரையில் இரண்டு நிமிஷம் நின்றால் ஷிப்மென்ட் தேதி மறந்துபோகும். கரையோரம் கொக்குகள். அவற்றுக்கு எந்த ஊர் போகவும் கார்டு வேண்டாம்.

நமக்கு வேண்டும்!

மாமா திண்ணையில் செல்போனை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தீபாவளிக்கு ஊருக்குப் போன ஆட்கள் பாதிப் பேர் திரும்பவில்லை. எட்டுத் தறியில் மூன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. அத்தை முறுக்குத் தட்டை வைத்துவிட்டு, "நீயே கேளு" என்பதுபோல் ஜாடை காட்டிவிட்டு உள்ளே போனார்.

விஷயம் இதுதான். 28-ம் தேதி சிங்கப்பூரில் ஐ.டி.எம்.ஏ. ஏஷியா என்ற ஜவுளி இயந்திரக் கண்காட்சி ஆரம்பம். நாலு நாள். நாடா இல்லாத் தறியை நேரில் பார்த்துவிட்டு, இந்தப் பழைய தறிகளை வைத்துக்கொள்வதா, இரும்பு விலைக்குத் தள்ளுவதா என்று முடிவு செய்ய நாலைந்து தறிக்காரர்கள் சேர்ந்து கிளம்புகிறார்கள். மாமாவுக்கு இது முதல் வெளிநாட்டுப் பயணம். விசா ஏஜென்ட் மூலம் வந்துவிட்டது. அவர் கொடுத்த பில்லில் இரண்டு வரி: சிங்கப்பூர் அரசுக் கட்டணம் 30 சிங்கப்பூர் டாலர், எங்கள் சார்ஜ் இவ்வளவு. அதில் மாமாவுக்கு ஒரு மனக்குறையும் இல்லை.

வம்பு அதற்குப் பிறகுதான். 'எஸ்.ஜி. அரைவல் கார்டு' என்று ஒன்று உண்டு. முன்பு விமானத்தில் வெள்ளைக் காகிதம் கொடுத்து, பேனா இரவல் வாங்கி நிரப்புவோமே, அதை 2020-ல் நிறுத்திவிட்டு ஆன்லைனில் வைத்தார்கள். போய்ச் சேருகிற நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும். மாமா பக்கத்து வீட்டுக் காலேஜ் பையனைக் கூப்பிட்டு நிரப்பச் சொல்லியிருக்கிறார். பையன் தேடினான். முதலில் வந்த பக்கத்தைத் தட்டினான். மெர்லயன் படம், அரசாங்க நீலம், எல்லாம் ஜோர்.

"எவ்வளவு மாமா கட்டினீங்க?"

"அறுவத்தொம்பது டாலரு மாப்ளே. ஆறாயிரத்துச் சொச்சம் போச்சு."

"மாமா, அந்தக் கார்டு இலவசம்."

தறிச் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது. "என்ன வசம்?" என்றார். மறுபடி உரக்கச் சொன்னேன். ஷெட்டுக்குள் தறி ஓட்டிக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார்.

போனை வாங்கிப் பார்த்தேன். பணம் வந்ததற்கு மெயில் இருந்தது. கார்டு இல்லை. 'தங்கள் விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது, 72 மணி நேரம்' என்றிருந்தது. விமானமோ நாளை ராத்திரி! அதே மெயிலில், இன்னும் கொஞ்சம் டாலர் கட்டினால் அதிவேக சேவை. மாமாவின் பாஸ்போர்ட்டில் 'சர்நேம்' கட்டம் காலி. நம்மில் பாதிப் பேருக்கு அப்படித்தானே? ஆனால் இந்தத் தளம் சர்நேம் போடாமல் நகரவே விடவில்லையாம். பையன் இனிஷியலை சர்நேமாக்கி அடித்திருந்தான். காசும் போய், பெயரும் மாறிவிட்டது!

பக்கத்தின் அடியில், எறும்பு சைஸ் எழுத்தில் ஒரு வரி: 'நாங்கள் அரசு நிறுவனம் அல்ல; இது எங்கள் உதவிக்கான கட்டணம்.'

மாமா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை இரண்டு தடவை படிக்கச் சொன்னார். பிறகு சொன்னார்: "கூலி வாங்கறது தப்பில்ல மாப்ளே. நான் நாப்பது வருசமா கூலிக்குத்தான் நெய்யறேன். பாவு அவங்குளுது, ஊடை நூலு அவங்குளுது, மீட்டருக்கு இத்தனைன்னு கூலி மட்டும் என்னுது. நூலு காசு வேறே, கூலி வேறே. இவன் நூலும் என்னுதுன்னு சொல்லி விக்கறான் பாரு, அதுதான் தப்பு."

கூலிக் கணக்கில் இந்த ஊர்க்காரர்களை ஏமாற்ற முடியாது. கூலி உயர்வு கேட்டு 2022-லும் 2025-லும் தறிகளை நிறுத்திப் போராடியவர்கள். அவர்களையே ஏமாற்றிவிட்டது ஒரு பொடி எழுத்து.

எனக்கு உள்ளுக்குள் வேறொன்று உறுத்தியது. என் வேலையே இதுதான்! திருப்பூருக்கு வரும் வெளிநாட்டு பையர்களுக்கு அழைப்புக் கடிதம் அடித்து, "இந்திய விசாவுக்கு, கடைசியில் 'கவ் டாட் இன்' என்று முடிகிற தளத்துக்கே போங்கள், மற்றவை இடைத்தரகர்கள்" என்று மெயில் அனுப்புகிறவன் நான். இந்தியா 2014 நவம்பரில் 43 நாட்டுக்காரர்களுக்கு ஆன்லைன் அனுமதியை ஆரம்பித்தது. அதற்கும் போலிக் கடைகள் முளைத்து, அரசாங்கத் தளமே எச்சரிக்கை போட வேண்டியதாயிற்று. ஊர் பேர் தெரியாத பையருக்குப் பக்குவமாகச் சொன்னேன். சொந்த மாமா வியாழக்கிழமை போன் பண்ணினபோது, "மீட்டிங்கில் இருக்கேன் மாமா, அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டேன். அந்த 'அப்புறம்' சனிக்கிழமை ஆகிவிட்டது. விலை, ஆறாயிரத்துச் சொச்சம்.

சிங்கப்பூர் குடிநுழைவுத் துறையின் சொந்தத் தளத்தைத் திறந்தேன். 'கவ் டாட் எஸ்.ஜி.' என்று முடிவது. பாஸ்போர்ட்டில் உள்ளபடி முழுப் பெயர், ஒரே கட்டம். பாஸ்போர்ட் நம்பர், பிறந்த தேதி, விமானம், தங்கும் இடம், உடம்பு எப்படி என்று சில கேள்விகள். அத்தை காபி கொண்டு வருவதற்குள் முடிந்தது. பணம் கேட்கவே இல்லை. மெயிலும் வந்துவிட்டது.

"அவ்வளவுதானா?" என்றார் மாமா. ஆறாயிரம் போனதைவிட, பத்து நிமிஷத்தில் முடிந்ததுதான் அவருக்கு அதிக வருத்தம்.

பிறகு அந்த டூப்ளிகேட் தளத்தின் 'இருபத்து நாலு மணி நேர உதவி'யைத் தட்டினேன். 'உங்கள் திருப்தியே எங்கள் லட்சியம்' என்றது. பணத்தைத் திருப்பிக் கேட்டேன். லட்சியம் மாறிவிட்டது. வேலை ஆரம்பித்தாயிற்றாம், திருப்பித் தர விதியில்லையாம். பாங்கியைக் கூப்பிட்டு கார்டை பிளாக் செய்தோம். 1930-க்கும் சொல்லி வைத்தோம். பணம் வரவில்லை. பாஸ்போர்ட் விவரமெல்லாம் எவன் கையிலோ இருக்கிறதே என்ற கவலை அதைவிடப் பெரிது.

இது சிங்கப்பூர் கதை மட்டுமில்லை. மலேசியாவின் டிஜிட்டல் கார்டு, தாய்லாந்து 2025 மே மாதம் கொண்டுவந்த டிஜிட்டல் கார்டு இரண்டுமே இலவசமாக ஆரம்பித்தவை; இரண்டையும் காசுக்கு விற்கக் கடைகள் உண்டு. காசு வாங்கும் அரசாங்கங்களும் இருக்கின்றன. கென்யா 2024-ல் 30 டாலர் வைத்தது. விசா தேவைப்படாத நாட்டுக்காரர்களிடம் அமெரிக்கா வாங்கும் முன்அனுமதிக் கட்டணம் 2025 செப்டம்பர் கடைசியில் 21 டாலரிலிருந்து 40 ஆனது (நமக்கு அந்தப் பாக்கியம் இல்லை, விசாதான்). பக்கத்து இலங்கையில் 2024 ஏப்ரலில் இந்த வேலையை வெளி நிறுவனங்களிடம் ஒப்படைத்தபோது, சேவைக் கட்டணம், வசதிக் கட்டணம் எல்லாம் சேர்ந்து நூறு டாலரைத் தாண்டியது. கொழும்பு விமான நிலையத்திலேயே சத்தம் போட்டார்கள். ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தடை போட, செப்டம்பரில் பழைய முறை திரும்பி வந்தது. அங்கேயும் சண்டை நூலுக்கில்லை, கூலிக்குத்தான்!

ராத்திரி அந்தக் கார்டை பிரின்ட் எடுக்க மெயின் ரோட்டு ஜெராக்ஸ் கடைக்குப் போனோம். சுவரில் ஸ்கெட்ச் பேனாவில் எழுதி ஒட்டியிருந்தது: 'சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து கார்டு. அரசுக் கட்டணம் இல்லை. டைப் அடிக்க ரூ. 100.'

மாமா அந்தத் தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். "இத்தன நாளா இந்தக் கடையத் தாண்டித்தான மாப்ளே போறேன்!" என்றவர், பிரின்டுக்குப் பத்து ரூபாய் கொடுத்துவிட்டு, கடைக்காரரிடம் சொன்னார்: "தம்பி, அந்த எழுத்த இன்னும் பெருசா எழுதி வெளிய ஒட்டுங்க."

மறுநாள் ராத்திரி பீளமேட்டில் விமானம் ஏற்றிவிட்டேன். வரிசையில் நிற்கும்போது மாமா மெதுவாகக் கேட்டார்: "அங்க போயி ஏதாச்சும்னா உனக்குப் போன் பண்ணலாமா மாப்ளே? மீட்டிங்கு ஒண்ணும் இல்லியே?"

"எப்ப வேணும்னாலும் பண்ணுங்க மாமா" என்றேன். அந்த நாலு நாளும் போனை சைலன்ட்டில் போடவில்லை. எம்.டி. முறைத்தார்.

திரும்பி வந்தவரிடம், "தறியெல்லாம் எப்படி மாமா?" என்று கேட்டேன்.

"அருமையான தறி மாப்ளே. விலையும் கேட்டேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "விலைக்கு அடியில பொடி எழுத்துல ஏதாச்சும் இருக்குதான்னு குனிஞ்சும் பாத்தேன்!"