100 வரை எண்ணும் ஆட்டம்

நேத்து ராத்திரி ஒரு மந்திரவாதி தன் கூட்டாளியையே எரிச்சுட்டான்.

'ஃபைனல் ஃபேன்டசி டாக்டிக்ஸ்'. 1997-ல் ஸ்கொயர் நிறுவனம் பிளேஸ்டேஷனுக்குக் கொண்டுவந்த ஆட்டம். புதுசா ஆட வர்றவங்க இதைச் சதுரங்கம் மாதிரி நினைச்சுக்கிறாங்க. உனக்கு ஒரு முறை, எனக்கு ஒரு முறைன்னு.

அப்படி இல்ல.

ஒவ்வொரு வீரனுக்கும் உள்ளுக்குள்ள ஒரு கணக்கு ஓடுது. கடிகாரம் ஒரு டிக் அடிச்சா, அவனோட வேகம் அதுல கூடும். 100-ஐத் தொட்டாதான் அவன் முறை. வேகம் 10-ன்னா 10 டிக். 8-ன்னா 13.

நகர்ந்து தாக்கவும் செஞ்சா 100 கழியும். ரெண்டுல ஒண்ணு மட்டும்னா 80. சும்மா நின்னா 60தான். பொறுத்தவனுக்கு அடுத்த முறை சீக்கிரமே வந்துடுது!

மந்திரத்துக்கும் தனிக் காத்திருப்பு உண்டு. எதிரியைக் குறிவெச்சா, அவன் போற இடத்துக்கெல்லாம் நெருப்பும் போகும். அவன் ஓடிவந்து மந்திரவாதியோட கூட்டாளி பக்கத்துல நின்னுட்டா, ரெண்டு பேருமே வேகணும். நேத்து நடந்தது அதுதான்.

யார் முறை எப்போ, எந்த மந்திரம் எப்போ வெடிக்கும்னு வரிசையாக் காட்டுற பட்டியல் ஆட்டத்துக்குள்ளயே இருக்கு.

மந்திரம் விடுறதுக்கு முன்னாடி அதைத் திறந்து பார்க்கிறவங்க இங்க எத்தனை பேர்?